சைக்கிள் மீது போட்ட பழி

செய்தி வந்தபோது என் கையில் குழல் ஊதும் கண்ணன் இருந்தான். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பீங்கான் பொம்மையின் இரண்டு பக்கமும் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பிளேடால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவதுதான் எங்கள் ஃபினிஷிங் அறையின் வேலை. செல்போன் அடித்தது. என்னோடு வேலை பார்த்த வளர்மதி அக்காவின் வீட்டுக்காரர். "செல்வி, உங்க அக்கா போயிட்டாம்மா" என்றார்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அடடா என்றார். கண்கூடக் கலங்கியது, பொய் சொல்லக்கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாயங்காலம் சூளை ஏற்ற வேண்டியிருக்கிறது, தட்டில் இருப்பதை மட்டும் முடித்துவிட்டு எல்லோருமாகப் போய்விட்டு வாருங்கள் என்றார். இருபது வருஷத்துக்குப் பக்கம் அந்த அறையில் உட்கார்ந்து பொம்மை தேய்த்தவளின் சாவுக்கு, தட்டை முடித்துவிட்டுத்தான் போனோம். அந்தக் கண்ணனை எப்படித் தேய்த்தேன் என்று எனக்குத் தெரியாது. மூக்கு மழுங்கிப்போயிருக்கும். யார் வீட்டு ஷோகேஸில் நிற்கிறானோ, நிற்கட்டும்.

அடுத்த வாரம் பேக்கிங் ஷெட்டில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அட்டைப்பெட்டிகளை ஓரமாக அடுக்கி, வைக்கோலைக் கூட்டித் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அக்காவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தது. சிரிக்கக் கூடாது என்று மிரட்டி எடுத்த படம். அந்த முறைப்பு அவளுக்குப் பொருத்தமாகவே இருந்தது. முதலாளி பேசினார். கடுமையான உழைப்பாளி, குடும்பத்தில் ஒருத்தி மாதிரி என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"எத்தனையோ வாட்டி சொன்னேன், அந்தக் கனமான சைக்கிள வுட்டுடுங்கம்மான்னு. கேக்கல. அத மிதிச்சு மிதிச்சே நெஞ்ச கெடுத்துக்கிட்டாங்க."

முன்வரிசையில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு விட்டாரா? வளர்மதிக்கு வந்த நிலைமை இனி யாருக்கும் வரக்கூடாது, ஆகவே அவர் நினைவாக நம் யூனிட்டில் வேலை செய்கிற பெண்கள் எல்லோருக்கும் லேசான லேடீஸ் சைக்கிள் வாங்கித் தரப்போகிறேன் என்றார். ஷெட்டில் கைதட்டல். சாவு வீட்டுப் பேச்சுக்குக் கைதட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். தட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. நடந்தே வேலைக்கு வருகிறவர்களுக்குச் சைக்கிள் கிடைக்கிறதென்றால் தட்டத்தான் செய்வார்கள்.

நான் எழுந்து நின்றேன். பேச வேண்டும் என்றேன். மேனேஜர் மைக்கைப் பிடித்து, இப்போது இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த நானும் அப்படியே நின்றேன். வாயை அடைக்க இவ்வளவு மரியாதையான வழி இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. மௌனம் முடிந்ததும் டீ கொடுத்தார்கள், கூட்டம் கலைந்துவிட்டது. அன்று பேச விடாததைத்தான் இங்கே எழுதுகிறேன். வளர்மதியைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். அவளைக் கொன்றது சைக்கிள் இல்லை. சைக்கிள்தான் என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டால், அந்த அறையில் இன்றும் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு வேறு வழியே இல்லை.

அந்தச் சைக்கிள் வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். கடைத்தெருவில் சைக்கிள் வாங்க அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளை நகர்த்தி வைத்தார். ஊதினால் பறக்கும், ஒரு கையால் தூக்கலாம் என்றார். அக்கா அதன் கேரியரில் ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். வண்டி நெளிந்தது. மேலே பார் இல்லாத வண்டி, பின்னால் கனம் ஏற்றினால் முறுக்கிக்கொள்ளும். "உத்தரம் இல்லாத வூட்டுல யாராவது குடியிருப்பாங்களா?" என்று அவரிடமே கேட்டாள். பிறகு மூலையில் நின்ற, பால்காரர்கள் வாங்குகிற பார் வைத்த இரும்புச் சைக்கிளைக் காட்டினாள். தடித்த கம்பி, அகலமான கேரியர், இரட்டைக் கால் ஸ்டாண்டு. கடைக்காரர் சிரித்தார். பொம்பளை இதில் எப்படி ஏறுவீர்கள் என்றார். "ஏறுறது எங்க கவல, விக்கிறது உங்க கவல" என்றாள் அக்கா. ஏறுவதற்காகவே சுடிதார் தைத்துக்கொண்டாள். நாற்பதைத் தொடப்போகிறவளுக்குச் சுடிதார் என்று தெருவே பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

வேலைக்கு வர மட்டும் அவள் சைக்கிள் வாங்கவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை சூளையின் உள்ளே இருக்கிற செங்கல்லைப் பிரித்துக் கட்டுவார்கள். அந்த வாரம் பூராவும் யூனிட்டுக்கு விடுமுறை. மற்றவர்கள் அம்மா வீட்டுக்குப் போவார்கள், நாங்கள் சைக்கிளில் ஊர் பார்க்கக் கிளம்பிவிடுவோம். அவள் அந்த இரும்பு வண்டியில், நான் என் தம்பி போட்டுவிட்டுப் போன பழைய வண்டியில். கல்லணை, தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, ஏற்காட்டு அடிவாரம். எனக்குக் கால் வலித்தால் வண்டியை மாற்றிக்கொள்வோம். அதாவது எனக்கு வலித்தால் கனமான வண்டி எனக்கு. கனமான வண்டி உருள ஆரம்பித்துவிட்டால் தானே போகும், நீ மேலே உட்கார்ந்திருந்தால் போதும் என்பாள். முதலில் நான் நம்பவில்லை. காற்றடிக்கிற கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

முதல் பயணத்துக்கு நான் பை கட்டிக்கொண்டு போய் நின்றது நினைவிருக்கிறது. அவள் பையைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டாள். பட்டுப்புடவை, தலையணை, டார்ச்சு, ஊறுகாய்ப் பாட்டில், இன்னும் என்னென்னவோ. ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, இது எதற்கு, இது எதற்கு என்று கேட்டாள். "சைக்கிள்ல ரெண்டு கிலோ கொறைக்கணும்னு ஆளாளுக்கு யோசன சொல்றாங்க. பையில நாலு கிலோ வேண்டாதது கெடக்குது, அத ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க" என்றாள். ஒரு மாற்றுத்துணி, பம்ப்பு, பஞ்சர் சாமான், அவல், தண்ணீர். அவ்வளவுதான் எடுத்துக்கொள்ள விட்டாள். ஊறுகாய்க்கு மட்டும் மனமிரங்கினாள், அதுவும் பாட்டிலை வேண்டாம் என்று இலையில் மடித்துக்கொண்டாள்.

ஒருமுறை பச்சைமலைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, துறையூருக்கு முன்னால் அவள் வண்டியின் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற குழாயில் விரிசல் விட்டது. இரும்பும் உடையும், உடையாது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. டிராக்டர் டிப்பர் பழுது பார்க்கிற பட்டறை ஒன்று சாலையோரம் இருந்தது. அங்கிருந்தவர் ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரத்தில் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார். அந்த இடம் சுண்டைக்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டு நின்றது. ஊர் திரும்பியதும் யூனிட்டில் எல்லோரையும் கூப்பிட்டு அந்தப் புடைப்பைத் தொட்டுக்காட்டினாள். வழியில் பற்றவைக்க முடியாத வண்டியை நம்பி வெளியூர் போகக்கூடாது என்பது அன்று முதல் அவள் சட்டம்.

இந்தச் சட்டத்தை விடாமல் எதிர்த்தவர் ஒருவர் உண்டு. மங்கலம்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நூருல்லா பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் டீ குடித்துவிட்டு அவரோடு வாயடித்துவிட்டு வருவது எங்களுக்கு வழக்கம். வளர்மதிம்மா, நீங்கள் ஓட்டுவது சைக்கிள் இல்லை, லாரி, பெர்மிட் எடுத்துவிட்டீர்களா என்பார். வெளிநாட்டில் ஊர் சுற்றுகிறவர்கள் எல்லாம் அலுமினிய வண்டிக்கு மாறிவிட்டார்கள், துபாயில் இருக்கும் அக்கா மகன் போட்டோ அனுப்பியிருக்கிறான் என்பார். அக்கா விடமாட்டாள். "பாய், லேசு லேசுன்னு வாங்கி வழியில ஒடஞ்சுதுன்னா, அத நாமதான தூக்கிக்கிட்டு நடக்கணும்? அப்ப எதுங்க கனம்?" என்று கேட்டாள். அவர் டீயை வைத்துவிட்டு, இதற்கு நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்றார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போயும் அந்த நாளை வரவில்லை.

அதே மங்கலம்பேட்டைச் சாலையில்தான் அவளுக்கு முதலில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பேசிக்கொண்டே ஓட்டுகிறவள் பேச்சைக் குறைத்தாள். பிறகு பாதியில் இறங்கி நின்றாள். இருமல் வந்தது, போகவே இல்லை. ஊருக்கு இது போதாதா? வண்டிதான் காரணம் என்று வீட்டில் சொன்னார்கள், தெருவில் சொன்னார்கள், யூனிட்டில் சொன்னார்கள். டாக்டரிடம் போனோம். அவரும் எப்படி வந்தீர்கள் என்று கேட்டு, வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்து, முதலில் இதை நிறுத்துங்கள் என்றார். வீசிங்குக்கு மாத்திரை கொடுத்தார். அது கேட்காமல் போகவும் டி.பி. மருந்தும் கொடுத்தார்கள். எடை குறைந்ததுதான் மிச்சம். என்ன வேலை செய்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பவுடர் பூசிக்கொண்ட மாதிரி புருவமெல்லாம் வெள்ளையாக ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், இது என்ன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் நூருல்லா பாயின் அக்கா மகன் துபாயிலிருந்து கார்கோவில் ஒரு சைக்கிள் அனுப்பியிருந்தான். பெட்டியைப் பிரித்து, பாகங்களைப் பூட்டி, பாய் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். சாம்பல் நிறம், கியர் வைத்தது, அலுமினியம். எனக்கு ஓட்டத் தெரியாது, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மூச்சு வாங்குகிறது என்கிறார்களே என்றார். கிண்டல் செய்கிற மனிதர் அன்றைக்குக் கெஞ்சுகிற மாதிரி பேசினார். ஊரும் டாக்டரும் வீடும் சேர்ந்து சொன்னதில் அக்காவுக்கும் சந்தேகம் வந்திருந்தது. சரி, பார்க்கிறேன் என்றாள்.

பார்த்தது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். சூளையிலிருந்து வருகிற எதையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் நாங்கள் வாங்க மாட்டோம். கிண்ணென்று கேட்டால் நன்றாக வெந்தது. மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். கல்யாணப் பந்தியில் டம்ளரைத் தட்டிப் பார்க்கிற ஊர் எங்களுடையது. அக்கா அந்த அலுமினியக் குழாயைத் தட்டினாள். கோயில் மணி மாதிரி கேட்டது. நானும் தட்டினேன். பாய்க்குமே ஆசை வந்து அவரும் தட்டினார். "பாய், இது நல்லா வெந்திருக்குது" என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். வண்டியை ஆட்டிப் பார்க்காமல் வாங்காதவள், கேரியர் எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது, அந்த இடம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கவே இல்லை. சத்தம் சரியாக இருந்தது, எங்களுக்கு அது போதும். களிமண் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் சைக்கிளை இப்படி வாங்கியிருக்க மாட்டார்கள்.

சூளை பிரிக்கிற வாரம் வந்தது. திருச்சி வரைக்கும் போய்த் திரும்புவது என்று திட்டம். லேசான வண்டியில் அவள், இரும்பு வண்டியில் நான். விடியற்காலையில் கிளம்பினோம். மேடு கிடையாது, எதிர்க்காற்று கிடையாது. ஆனாலும் வேப்பூர் போய்ச் சேர்வதற்குள் அவள் நாலைந்து இடத்தில் இறங்கிவிட்டாள். வேப்பூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. டீ ஆறிப்போனது. பேச்சு வர நேரமானது. வந்தபோது என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"இதுலயும் முடியலடி. இதவிட லேசா எங்க போயி வாங்கறது?"

பாதிக் கனம்கூட இல்லாத வண்டி. தட்டையான ரோடு. அதற்கும் இந்த மூச்சு என்றால், இத்தனை நாளாக ஊரே கை நீட்டிய அந்த இரும்பு வண்டிமேல் என்ன குற்றம்? அந்த நிமிஷம் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் புரிந்தது. திரும்பிவிடலாம் என்று நான் சொன்னேன். டீக்கு உட்கார்ந்து எழுந்தால் சரியாகிவிடும், கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம் என்று பிடிவாதம் பிடித்தாள்.

நான்குவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வேப்பூர் தாண்டியதும் டைவர்ஷனில் ஜல்லியும் பள்ளமுமாக இருந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சத்தம் கேட்டது. கேரியர் மாட்டியிருந்த இடத்தில் அந்த நன்றாக வெந்த குழாய் சுத்தமாக இரண்டாகிவிட்டது. சாலையோரப் பட்டறைக்காரர் கையில் வாங்கிப் பார்த்து, இது அலுமினியமுங்க, இதில் பற்றவைக்க நம்மிடம் சாமான் இல்லை, சென்னைக்குத்தான் போகணும் என்று திருப்பிக் கொடுத்தார். உடைந்த வண்டியை என் கேரியரில் குறுக்காகக் கட்டினேன். இரும்பு வண்டியை நான் தள்ள, அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஜல்லி லாரிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு நிறுத்தி, எங்களையும் இரண்டு வண்டியையும் ஏற்றிக்கொண்டார். லாரியில் உட்கார்ந்து அக்கா சிரித்தாள். பாய்க்குப் பதில் கிடைத்துவிட்டது, போய்ச் சொல்லணும் என்றாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் அவளைப் பாண்டிச்சேரிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு டாக்டர், வயதில் சின்னவர், அவள் முதுகில் கையை வைத்து இன்னொரு கை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். "சத்தம் சரியா வருதுங்களா?" என்று அக்கா கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. படம் எடுத்துப் பார்த்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். கடைசியில் ஒரு ஆள் கேட்டுவிட்டார். பொம்மைத் தூள் பற்றிச் சொன்னோம். களிமண்ணில் வெள்ளைக் கல்லை அரைத்துக் கலப்பார்கள், காய்ந்ததைத் தேய்க்கும்போது அது மாவாகப் பறக்கும், முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்வோம் என்றோம். அந்தக் கல் தூள்தான் நுரையீரலில் படிந்து இறுகியிருக்கிறது, உள்ளே போன தூள் திரும்ப வெளியே வராது, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். சைக்கிள் ஓட்டலாமா என்று அக்கா கேட்டாள். முடிந்த வரைக்கும் ஓட்டுங்கள், அதனால் வந்தது இல்லை இது என்றார்.

ஊருக்கு வந்ததும் முதலாளியிடம் போய்ச் சொன்னாள். நானும் கூடப் போனேன். அவள் கேட்டது இரண்டே விஷயம். காய்ந்த பொம்மையை உப்புத்தாளால் தேய்க்காமல் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால் தூள் பறக்காது, அதற்கு அனுமதி வேண்டும். ஓடாமல் கிடக்கிற எக்ஸாஸ்ட் ஃபேனைச் சரிசெய்ய வேண்டும். வெளிநாட்டு ஆர்டர்காரர்கள் பார்க்க வரும் நாளில் மட்டும் அந்த ஃபேனைத் துடைத்து வைப்பார்கள், மற்ற நாளில் அதில் குருவி கூடு கட்டியிருக்கும். ஸ்பாஞ்சு போட்டால் வேலை பாதியாகிவிடும், சீனாப் பொம்மை அடிமாட்டு விலைக்கு வருகிறபோது எனக்கு எப்படிக் கட்டும் என்றார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அண்ணன் தங்கைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"மொதல்ல அந்த சைக்கிள வுடும்மா. எல்லாம் சரியாப் போயிடும்."

டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகும், அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்த பிறகும் இதைச் சொன்னார். ஆகவே இரங்கல் கூட்டத்தில் அவர் தெரியாமல் பேசினார் என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வர வேண்டாம்.

அக்கா மீதும் எனக்குக் கோபம் உண்டு. செத்தவளைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். அவளைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள், பேசாமல் போனாள். எங்கே போவதாக இருந்தாலும் நான் வருகிறேன், தொழிலாளர் ஆபீசுக்குப் போவோம், ஊரைக் கூட்டுவோம் என்று கேட்டேன். "சத்தம் போட்டா ஃபேன் வராதுடி, பூட்டுதான் வரும்" என்றாள். சுற்றி எத்தனை யூனிட்டுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இத்தனை பெண்களையும் என் மூச்சுக்காக வேலையை விடச் சொல்வதா என்றாள். உன் மூச்சுக்காக இல்லை, அவர்கள் மூச்சுக்காக என்றேன். கடைக்காரரோடு, பாயோடு, தெருவோடு ஒரு சைக்கிளுக்காக அத்தனை வாயடித்தவள், தன் உயிருக்காக ஒரே ஒரு நாள்தான் வாயைத் திறந்தாள். எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை. கடைசி மாதங்களில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். படுத்தால் மூச்சு வராது. ஜன்னல் வழியாக அந்த வண்டி தெரியும்படி நிறுத்தச் சொல்லியிருந்தாள். அவ்வப்போது எண்ணெய் போட்டார்களா என்று மட்டும் கேட்பாள்.

அக்காவை எடுக்கிற அன்று நூருல்லா பாய் வந்திருந்தார். கூட்டத்துக்குள் வராமல் வெளியே அந்த இரும்பு வண்டியின் பக்கத்திலேயே நின்றார். நான் போனதும், "அந்த லேசு வண்டிய நான் குடுக்கலேன்னா, கனந்தான் காரணம்னு நானும் கடேசி வரைக்கும் நம்பியிருப்பேம்மா" என்றார். ஒரு முதலாளிக்குப் புரியாதது ஒரு வியாபாரிக்குப் புரிந்தது. புரியவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. பாய்க்குப் புரிந்ததை ஒப்புக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, முதலாளிக்கு இருக்கிறது.

தோழிகளே, சைக்கிள் கொடுக்கிறார்களா, வாங்கிக்கொள்ளுங்கள். தாராளமாக ஓட்டுங்கள். நல்ல வண்டியாக இருந்தால் இன்னும் சந்தோஷம். ஆனால் அதை வாங்கிக்கொண்டு, வளர்மதி கனத்தால் செத்தாள் என்று தலையாட்டாதீர்கள். கையில் வண்டியின் சாவியை வாங்கும்போதே ஸ்பாஞ்சு எங்கே, ஃபேன் எங்கே என்று கேளுங்கள். சத்தம் போட்டால் பூட்டு வரும் என்று அவள் பயந்தாள். எல்லோரும் சேர்ந்து கேட்டால் என்ன வரும் என்று நாம் இன்னும் பார்க்கவில்லை. நான் அடுத்த வாரம் பாண்டிச்சேரிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்ளப்போகிறேன். என்னோடு வருகிறவர்கள் வாருங்கள். ஏன் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வளர்மதி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரும்பு வண்டி. நீதான் ஓட்டுவாய் என்று வீட்டுக்காரர் கொடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு மங்கலம்பேட்டைக்குக் கிளம்பினேன். எனக்கு அது புது வண்டி இல்லை. கல்லணைக்கும் தரங்கம்பாடிக்கும் மாற்றி மாற்றி மிதித்த வண்டிதான், இதே சாலையில் கதை பேசிக்கொண்டே ஓட்டிய வண்டிதான். பாதி வழிகூடப் போயிருக்க மாட்டேன், இறங்கிவிட்டேன். ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றேன். மோட்டார் சைக்கிளில் போன ஒரு பெரியவர் என்னைத் தாண்டிப்போய், நிறுத்தி, திரும்பி வந்தார். என்னையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார்.

"இன்னாம்மா, வண்டி ரொம்பக் கனமா?" என்று கேட்டார்.

"வண்டி கனமில்லீங்க" என்றேன்.